ஏரி பொது, மலை பொது. நாங்கள் மட்டும் ஆக்கிரமிப்பா?

திருவண்ணாமலைக்குக் கடல் கிடையாது. ஆனால் சமுத்திரம் உண்டு. மலைக்குத் தெற்கே கிடக்கும் பெரிய ஏரிக்குச் சமுத்திரம் என்றுதான் பெயர். கடலைப் பார்த்தே இராத ஓர் அரசிக்குக் கடல் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக வெட்டிய ஏரி என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அரசி ஆசைப்பட்டாள், அரசன் வெட்டினான், கதை முடிந்தது. மண்ணை வெட்டியது யார், கூடையில் சுமந்து கரை போட்டது யார், மழை ராத்திரியில் மதகைக் காத்தது யார் என்று அந்தக் கதையில் ஒரு வரி கிடையாது.

இது பழைய கதையாக இருந்தால் விட்டுவிடலாம். இன்றைக்கும் இதே கதைதான் ஓடுகிறது. 'ஏரியை மீட்போம்', 'மலையைக் காப்போம்', 'பறவைகளுக்கு இடம் கொடுப்போம்' என்று நல்ல மனசோடு பேசுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். ஏரியும் மலையும் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு அவர்களோடு எந்தச் சண்டையும் இல்லை. ஏரி வறண்டால் முதலில் வேலை இழப்பது நாம்தான். ஏரி உடைந்தால் முதலில் தண்ணீரில் நிற்பதும் சேரிதான். பள்ளத்தில் இருக்கிற இடத்தைத்தானே நமக்கு விட்டார்கள். ஆனால் மீட்புப் பணி என்று தொடங்கியதும் யாருடைய வீட்டுச் சுவரில் முதலில் சிவப்பு மையில் எண் எழுதப்படுகிறது என்று பாருங்கள். ஏரி பொது, மலை பொது, காடு பொது என்று சொல்கிறார்களே, அந்தப் 'பொது'வில் நாம் இருக்கிறோமா? இந்தக் கட்டுரையின் கேள்வி அது ஒன்றுதான்.

ஊரின் ஏரி, சேரியின் உழைப்பு

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பெருமையோடு படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவார்கள். ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் ஊர் நத்தம் தனி, பறைச்சேரி தனி. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. தீண்டாச்சேரி என்ற சொல்லே அங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே நிலம், நீர், பிணம் எரிக்கிற இடம் எல்லாவற்றையும் சாதிவாரியாகப் பிரித்துக் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். 'அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக ஏரியைப் பராமரித்தார்கள்' என்று இப்போது யாராவது பேசினால், எந்தக் காலம், எந்த எல்லோரும் என்று கேளுங்கள்.

வட மாவட்டங்களில் ஏரிப் பாசனம் நின்றதே நீர்கட்டியின் தோளில்தான். எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது, கரையில் எங்கே கசிவு, கலங்கலில் எவ்வளவு போகிறது என்று ராத்திரி பகலாகப் பார்த்தவர் அவர். பல கிராமங்களில் அந்த நீர்கட்டி நம் சேரிக்காரர்தான். அறுப்பு முடிந்ததும் களத்தில் சில மரக்கால் நெல் கூலி. அவருடைய வேலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எல்லார் நிலத்துக்கும் தண்ணீர் பாய்ச்சுவார். பாய்ச்சுவதற்கு அவருக்கென்று ஒரு காணி இருக்காது. நிலம் இல்லாதவர் கையில் மதகு இருந்தால் திருட்டுத் தண்ணீர் போகாது என்று இதற்கு நியாயமும் சொன்னார்கள். நம்மை நிலமற்றவர்களாக வைத்திருந்ததையே நம்முடைய தகுதிச் சான்றிதழாக ஆக்கிக்கொண்டார்கள்!

வெள்ளைக்காரன் வந்தும் இது மாறவில்லை. சென்னை மாகாணத்தில் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஏரிக்கரை உடையும் நேரத்தில் உழைக்கும் ஆட்களை இழுத்து வந்து வேலை வாங்க அதிகாரிகளுக்கு உரிமை கொடுத்த சட்டம் அது. குடிமராமத்து என்று இன்றைக்கு இனிக்க இனிக்கப் பேசுகிறார்களே, அதன் சட்ட முகம் இதுதான். அந்தக் கட்டாயம் யார் தலையில் விழுந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? கரை உடைகிற ராத்திரியில் பறை அடித்து ஆள் கூட்டுவதும் நாம். கூப்பிட்டதும் மண்வெட்டியோடு ஓடுவதும் நாம்.

நிலம் இருந்தால் ஓட்டு

சரி, அது மன்னர் காலம், வெள்ளைக்காரன் காலம். நம்முடைய ஜனநாயகம் என்ன செய்தது?

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் என்று கணக்கு. இவற்றின் பாசன நிர்வாகத்தை மக்களிடமே கொடுக்கிறோம் என்று சொல்லி 2000-இல் விவசாயிகள் பாசன முறைகள் மேலாண்மைச் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்கலாம், தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். யார் ஓட்டுப் போடலாம்? ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். நாற்று நடுகிற பெண்ணுக்கு ஓட்டு இல்லை. மதகு திறக்கிற நீர்கட்டிக்கு ஓட்டு இல்லை. ஏரிக்குள் மாடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், மீன் பிடிக்கிறவர் யாருக்கும் இல்லை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நிலம் இல்லாதவர் ஓட்டுப் போடலாம். ஊர் ஏரிக்குப் போட முடியாது!

2017-இல் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மறுபடி தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ போட வேண்டும், வேலையை அவர்கள் சங்கமே எடுத்துச் செய்யும் என்றார்கள். பங்கு போட முடிந்தவர் பட்டாதாரர். அவர் கையில் ஒப்பந்தம். பத்து சதவீதம் போட்டவர் 'குடி' ஆகிவிட்டார். தலைமுறை தலைமுறையாக உடம்பையே போட்டவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஏரி வண்டல் எடுப்பதும் அப்படித்தான். விவசாயத்துக்கு இலவசமாக வண்டல் எடுத்துக்கொள்ளலாம். நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கனமீட்டர். எத்தனை ஏக்கர் என்று காட்டச் சிட்டா அடங்கல் வேண்டும். நிலம் அதிகம் உள்ளவருக்கு ஏரியும் அதிகம். வீட்டுத் தேவைக்கு என்று 30 கனமீட்டர் வைத்திருக்கிறார்கள், உண்மைதான். டிராக்டர் வாடகை கொடுத்து அதை எடுத்துவர எத்தனை காலனி வீடுகளால் முடியும்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். திருவண்ணாமலை மாவட்டத்தில் அதற்கும் கூடுதல். சாகுபடி நிலத்தில் நம் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏரியின் பலனை நிலத்தின் அளவால் பங்கு போடுகிற வரைக்கும், நிலத்தில் நடந்த அநியாயம் அப்படியே தண்ணீரிலும் நடக்கும். இதற்குத் தனியாக யாரும் சாதி பார்க்க வேண்டியதில்லை. படிவமே பார்த்துக்கொள்ளும்.

கடற்கரையிலும் இதைப் பார்த்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்து நாகை, கடலூர் கரையில் நிவாரணக் கணக்கு எடுத்தபோது படகு போனதா, வலை போனதா என்றுதான் கேட்டார்கள். மீன் கூடை சுமந்த தலித் பெண்ணுக்கும், உப்புநீர் ஏறிய வயலில் கூலி வேலை செய்தவருக்கும், முகத்துவாரத்தில் கையால் இறால் தடவிய இருளருக்கும் படகும் இல்லை, வலையும் இல்லை. ஆகவே இழப்பும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். முகாம்களிலும் தண்ணீரிலும் நம்மை எப்படித் தள்ளி வைத்தார்கள் என்று அன்றைக்கே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சொத்து இல்லாதவனுக்கு இழப்பும் கிடையாது, உரிமையும் கிடையாது. கடலானாலும் ஏரியானாலும் இதுதான் கணக்கு.

மீனும் மானும் யார் பாதுகாப்பில்?

ஏரி என்றால் பாசனம் மட்டும் இல்லை. விராலும் கெளுத்தியும் கெண்டையும் ஏரி. நத்தையும் நண்டும் ஏரி. கோரைப்புல், அல்லித்தண்டு, கரையோரக் கீரை எல்லாம் ஏரி. கறி வாங்கக் காசில்லாத வீட்டில் குழந்தைக்குப் புரதம் இங்கிருந்துதான் வந்தது. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் எதைத் தின்றனவோ அதைத்தான் நாங்களும் தின்றோம். அவை பறக்க ஆரம்பித்தால் தண்ணீர் வடிகிறது என்று எங்கள் பாட்டிமார்களுக்குத் தெரியும். அதற்குப் பெயர் இன்றைக்குச் 'சூழலியல் அறிவு'. அன்றைக்கு அதற்குப் பெயர் 'சேரிக்காரங்க சாப்பாடு'.

இப்போது மீன்பாசி ஏலம். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுகிறார்கள், ஏலம் எடுத்தவர் காவல் போடுகிறார், தூண்டில் போட்ட பையனைத் திருடன் என்று அடிக்கிறார்கள். ஏலம் எல்லோருக்கும் பொது என்பார்கள். முன்பணம் கட்ட முடிந்தவர் யார், ஊர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொண்டு மேல் கேள்வி கேட்கத் துணிகிறவர் யார் என்று நமக்குத் தெரியும்.

இதே ஊரில் வேறொரு மரபையும் பார்க்கலாம். கார்த்திகை தீபத்துக்கு 2,668 அடி மலை உச்சியில் தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு. ஏரி, குளங்களில் மீன் பிடித்த சமூகம் அது. வலை வீசியவர்களுக்கு மலை உச்சியில் ஓர் உரிமை நிலைத்திருப்பதில் நமக்குச் சந்தோஷமே. ஏரியோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கோயில் ஊர் உரிமை கொடுக்கத் தெரிந்த ஊர்தான் என்பதற்கு அது சாட்சி. அப்படியானால் அதே ஏரியின் மதகைக் காத்தவனுக்கு என்ன கொடுத்தீர்கள்? இந்த மாவட்டத்தின் தென்முடியனூரில் அறநிலையத் துறைக்குச் சொந்தமான முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் செல்லங்குப்பத்திலும் அப்படித்தான்.

மலைக்கு வருவோம். 1980-களின் கடைசியில் இந்த மலை பெரும்பாலும் மொட்டையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மரம் நட்டு, தீத்தடுப்பு வரி போட்டு, வருடா வருடம் தீ அணைத்து இன்றைக்கு ஓரளவு பசுமை திரும்பியிருக்கிறது. நல்ல வேலை. ஆனால் மலை மொட்டையானதற்குப் பொதுப்புத்தி சொல்லும் காரணம் என்ன? புல் அறுக்கிறவர்கள் தீ வைத்தார்கள், விறகு வெட்டிகள் அழித்தார்கள். தலைச்சுமை விறகில் ஒரு மலை மொட்டையாகும் என்றால், வண்டி வண்டியாக வெட்டி விற்ற குத்தகைக்காரனும் செங்கல் சூளைக்காரனும் எங்கே போனார்கள்? சுமந்து வந்த பெண்ணின் முகம் நினைவிருக்கிறது. வாங்கி எரித்தவனின் முகம் மட்டும் மறந்துபோகிறது.

கோடையில் தண்ணீர் தேடி இறங்கும் புள்ளிமான்கள் நாய் கடித்தும் வண்டி மோதியும் சாகின்றன. மான் இறங்கும் வழியில் சுற்றுச்சுவர் எழுப்பியது குடிசைக்காரன் இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக இரண்டு பக்கமும் எழுந்திருக்கிற கட்டடங்களை எண்ணிப் பாருங்கள். அந்தப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. சரியான காரியம், மரத்துக்கு வாதாட ஆள் இருந்தார்கள். பௌர்ணமி விடிந்ததும் லட்சக்கணக்கானவர்கள் விட்டுப்போன குப்பையையும் மலத்தையும் அள்ளுகிற தூய்மைப் பணியாளருக்காக யார் எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்? அந்தக் குப்பை அள்ளப்படாமல் கிடந்தால் மான் பிளாஸ்டிக்கைத் தின்று சாகும். அப்படிப் பார்த்தால் இந்த மலையின் முதல் வனக்காவலர் அந்தத் துடைப்பம் பிடித்த பெண்தான்.

மான் வேட்டைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. காடு தெரிந்தவனைக் குற்றவாளியாக மட்டும் பார்த்தால் காட்டையும் காக்க முடியாது என்கிறோம். இருளர்களைப் பாருங்கள். 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் தொழில் நின்றுபோனது. பிழைப்புக்கு வழியில்லாமல் நின்றவர்களுக்காக 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் பெரிய ஆதாரம். 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அறிவு அதே அறிவுதான். உரிமையும் கூலியும் சேர்ந்ததும் பாம்பும் பிழைத்தது, மனிதனும் பிழைத்தான். இதை ஏன் ஏரியிலும் மலையிலும் செய்யக் கூடாது?

மலைச்சரிவில் ஏறியது ஏன்?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையேறிய மறுநாள். மலை அடிவாரம் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் செத்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அவர்கள் என்ன சாதி என்று இங்கே எழுதப் போவதில்லை. மண் சரிந்தபோது அது கேட்கவில்லை. அவர்கள் ஏழைகள். அது போதும்.

அந்த மண் காயும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது: 'மலையை ஆக்கிரமித்தால் இப்படித்தான்.' சரிவில் உள்ள வீடுகளை அகற்றக் கோரும் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சரிவில் குடியிருப்பது ஆபத்துதான். நாமும் மறுக்கவில்லை. குழந்தைகள் பாறைக்கு அடியில் தூங்க வேண்டாம். ஆனால் யாராவது வேடிக்கைக்கா மலையில் ஏறி வீடு கட்டுவார்கள்? கீழே ஒரு சென்ட் என்ன விலை என்று விசாரியுங்கள். பக்தியும் ரியல் எஸ்டேட்டும் கைகோத்த பிறகு அடிவாரத்தில் ஏழைக்கு மிச்சம் இருந்தது அந்தச் சரிவு மட்டும்தான். வீடு கட்டும்போது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின் இணைப்பு கொடுத்தார்கள், ரேஷன் அட்டை கொடுத்தார்கள், ஓட்டு வாங்கினார்கள். மண் சரிந்த பிறகுதான் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் ஞாபகம் வந்தது.

மாற்று இடம் எங்கே என்று கேட்டால் நிலமே இல்லை என்பார்கள். பொய். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதன் அடிப்படையில் 1892-இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இது அந்த நிலத்தின் நிபந்தனை. அந்த நிலம் யார் கையில் இருக்கிறது? 1994-இல் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரை விட்டார்கள். பஞ்சமி நிலத்தை வளைத்தவன் வீட்டுக்கு எந்த பொக்லைன் போனது? நமக்கு வந்தால் ஆக்கிரமிப்பு, அவனுக்கு வந்தால் 'பல வருட அனுபோகம்'!

நீர்நிலையில் யார் இருந்தாலும் எடுக்க வேண்டும், சட்டம் எல்லோருக்கும் சமம் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். நல்ல கொள்கை. 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? சென்னையில் வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரியில். ஏரியில் அரசு கட்டினால் அது வளர்ச்சி. கூவம் கரையில் இருந்து நம் மக்களைப் பெயர்த்து எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? பெரும்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். நீர்நிலையைக் காப்பதற்காக நம்மை இன்னொரு நீர்நிலையில் இறக்கிவிட்டார்கள். இதில் நீர்நிலைப் பாசம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். காணவில்லை.

சட்டம் நம் கையிலும் இருக்கிறது

தண்ணீர் நமக்கு எப்போதும் அரசியல்தான். 1924-இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளங்களைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்தில் கை வைத்துத் தண்ணீர் குடித்தார். அந்தக் குளத்தை நகராட்சி முன்பே எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. காகிதத்தில் திறந்த குளத்தை உண்மையில் திறக்க ஆயிரக்கணக்கான கால்கள் நடக்க வேண்டியிருந்தது. அப்புறம் சாதி இந்துக்கள் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள், வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டு இழுத்து 1937-இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நாம் வென்றோம்.

வேங்கைவயலை மறந்துவிடாதீர்கள். 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம். இரண்டு ஆண்டு விசாரித்த சி.பி.சி.ஐ.டி. 2025 ஜனவரியில் அதே சேரியைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. நூறு ஆண்டு ஆகியும் தண்ணீரில் நாம் நிற்கிற இடம் இது.

இனி செய்ய வேண்டியதைப் பேசுவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(இசட்.ஏ) பிரிவைத் தோழர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஊரின் பொது வளங்கள், சுடுகாடு, ஆறு, ஓடை, கிணறு, குளம் ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது அதன்படி குற்றம். கோயில் நுழைவுக்கும் டீக்கடைக்கும் மட்டும் இருக்கிற சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரிக்கு இறங்கும் பாதையை அடைத்தால் இது பொருந்தும். பிணம் போகும் வழியை மறித்தால் பொருந்தும். மீன்பாசி ஏலத்துக்கு வராதே என்று சாதி சொல்லி மிரட்டினால் அதையும் இந்தப் பிரிவில் புகாராக எழுதுங்கள்.

நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: திருவண்ணாமலை மலையிலும் ஏரிகளிலும் உள்ள ஆக்கிரமிப்புகளை எடுப்பதற்கு முன் முழுப் பட்டியலையும் பரப்பளவு வாரியாக வெளியிட வேண்டும். ஆசிரமம், விடுதி, திருமண மண்டபம், அரசுக் கட்டடம், குடிசை எல்லாம் ஒரே பட்டியலில். பெரியதிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

இரண்டு: சரிவில் இருந்து இறக்கப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேலைக்குப் போகும் தூரத்துக்குள் பட்டாவோடு இடம் கொடுத்த பிறகே வீட்டில் கை வைக்க வேண்டும்.

மூன்று: இந்த மாவட்டத்தின் பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண்ணில், இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று ஊர்வாரியாக வெளியிட்டு மீட்க வேண்டும். மாற்று இடத்துக்கு நிலம் அங்கே இருக்கிறது.

நான்கு: நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நிலமற்ற உழைப்பாளர்களுக்கும் மேய்ப்பவர்களுக்கும் ஓட்டு வேண்டும். நீர்கட்டிக்கு அரசு மாதச் சம்பளம் தர வேண்டும்.

ஐந்து: மீன்பாசி குத்தகையில் ஒரு பங்கைப் பட்டியல் சாதி, இருளர் பெண்கள் குழுக்களுக்கு முன்பணம் இல்லாமல் ஒதுக்க வேண்டும். கைத்தூண்டிலுக்கும் நத்தை, நண்டு எடுப்பதற்கும் எந்த ஏலமும் தடை போடக் கூடாது.

இதற்குத் தலைநகரில் யாரும் உத்தரவு போடும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் ஏரிக்குக் கடந்த பத்து ஆண்டில் மீன்பாசி ஏலம் எடுத்தவர்கள் யார், வண்டல் எடுக்க அனுமதி வாங்கியவர்கள் யார், பாசன சங்க வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் யார், 'ஏ' பதிவேட்டில் எந்த நிலத்துக்கு நேரே டி.சி. நிபந்தனை எழுதியிருக்கிறது என்று நான்கு கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் செலவு. வருகிற பதிலை அடுத்த கிராமசபையில் சத்தமாகப் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்து வராதீர்கள்.

சூழலியல் நண்பர்களிடம் ஒன்று. ஏரிக்கரையில் பறவை எண்ணப் போகும்போது நோட்டில் இன்னொரு பத்தியும் போடுங்கள். அந்தக் கரையில் யார் புல் அறுக்கிறார்கள், யார் மீன் தடவுகிறார்கள், யார் துரத்தப்படுகிறார்கள் என்று அதில் எழுதுங்கள். நாமக்கோழிக்கு ஏரியில் உரிமை உண்டு என்று நீங்கள் சொல்லும்போது நாங்களும் கூடச் சேர்ந்து சொல்கிறோம். அந்த உரிமை எங்களுக்கும் உண்டு என்று நாங்கள் சொல்லும்போது நீங்கள் அமைதியாக இருக்கிறீர்கள். அந்த அமைதி போதும்.

சமுத்திரத்தை வெட்டிய கைகளுக்கு அதில் பங்கு வேண்டும். பிச்சையாக இல்லை, கூலி பாக்கியாக.

ஜெய் பீம்.